அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்த இருபது படங்கள்

ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத எனக்கு என்ன தகுதி? இருந்தும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு சோதனைத் தாளைத் திருடினேன். அதனால் நேர்ந்த கேட்டை ஓர் இளம்பெண் தன் தவறென்று சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டும் உண்மை.

அவள் பெயர் தர்ஷினி. டாக்டர் பட்டம் முடித்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி வேலைக்கு வந்தவள். தமிழும் மலாயும் பேசுகிறவர்களுக்கு வயதாகும்போது எந்த மொழியில் ஞாபகம் முதலில் தளர்கிறது என்று பார்க்கிறாளாம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களைத் தேடிச் சிலிபின் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள்.

என் அக்கா லெட்சுமிக்கு அறுபத்திரண்டு வயது. என்னை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைக்க, ஆறாம் வகுப்போடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். எங்கள் இருவருக்கும் வேறு யாருமில்லை.

தர்ஷினி இருபது படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். தமிழில் பெயர் சொல்ல வேண்டும், பிறகு மலாயில். அக்கா தமிழில் தடுமாறினாள். மலாயில் பாதிக்கு மேல் வரவில்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் பதினெட்டு வருடம் மலாய் பேசிச் சமைத்தவள்!

கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். காரைத் தள்ளி நிறுத்த தர்ஷினி இறங்கிப் போனாள். அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி... நான் பெயிலாடா?"

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? மேசைமேல் அந்த இருபது படங்களின் பட்டியலோடு கோப்பு திறந்து கிடந்தது. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். கொஞ்சமும் தயங்கவில்லை. இன்றுவரை அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆறு மாதம் கழித்து இதே படங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் தர்ஷினி. ஆறு மாதமும் நான் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் அக்காவும் நானும் தேநீரோடு உட்காருவோம். குடை, பாயோங். ஏணி, தங்கா. கத்தரிக்கோல், குந்திங். வரிசை மாறாமல் சொல்ல வைத்தேன். அந்த நாட்களில்தான் அவள் அடுப்பை அணைக்க மறந்தாள். ஒரே வாரத்தில் மூன்று முறை உப்பு வாங்கி வந்தாள். நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், 'அடுத்தது என்னக்கா?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்!

இரண்டாம் முறை இருபதும் சரி. இரண்டு மொழியிலும்.

"பாத்தீங்களா டீச்சர்! தம்பி எஸ்.பி.எம். பரீட்சையில கணக்கு பெயிலு, நான் பாஸு!"

"நான் டீச்சர் இல்லக்கா!" என்று சிரித்த தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "போன தடவ பாத்து பயந்துட்டேன் அண்ணே. ஞாபக மறதி பாக்குற டாக்டருக்கு லெட்டர்கூட எழுதிக் கொண்டாந்தேன். இனி வேணாம்லா."

கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். "காப்பி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

மறுபடி ஆறு மாதம். இந்த முறை படங்கள் வேறு. சைக்கிளைக் காட்டினாள்.

"குடை," என்றாள் அக்கா. "பாயோங்."

மாட்டைக் காட்டினாள்.

"ஏணி. தங்கா."

மூன்றாவது படத்தை எடுப்பதற்குள், "கத்தரிக்கோல், குந்திங்!" என்று முந்திக்கொண்டாள். அக்காவின் முகத்தில் எத்தனை பெருமை... நான் சுவரைப் பார்த்தேன்.

தர்ஷினி அட்டைகளைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இது பழைய வரிசைலா. யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. யாரு சொல்லிக் குடுக்கப் போறா?"

இவ்வளவுதான். இந்த ஒரு பொய்க்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அவள் அட்டைகளைத் திரும்ப அடுக்கினாள். "அப்ப நான்தான்... ஒரே படத்த ரெண்டு தடவ காட்டி மனப்பாடமாக்கிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் காட்டினேன் அண்ணே. என் தப்புதான்."

புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முன்னமே போயிருக்கணும். நான் கவனிக்காம விட்டுட்டேன்... மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்பு! மாடியிலிருந்து பார்த்தேன். காரில் ஏறியவள் வெகுநேரம் காரைக் கிளப்பவே இல்லை.

அன்று சாயங்காலம் அழைத்தாள். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "இதுவரைக்கும் எடுத்தது எல்லாத்தையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டாரு அண்ணே. கான்ட்ராக்ட நீட்டிக்க மாட்டாங்க போல." அழுகையை அடக்கிக்கொண்டு, "அத விடுங்க, அக்கா எப்படி இருக்காங்க?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வரி! 'நீ தப்பு செய்யலம்மா, நான்தான்.' தொண்டை வரை வந்தது. அப்புறம் என்ன? 'ஏன் அண்ணே?' என்று கேட்பாளே... என் அக்காவின் வைத்தியத்தை நானே தடுத்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டுமே...

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"சாப்பிட்டேன் அண்ணே," என்றாள். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அக்காவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் வேண்டுமானால் அது சரி. 'இல்லம்மா' என்றேனே, அது யாரைக் காப்பாற்ற? தர்ஷினியின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

அவள் அழைத்த மறுநாள் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கடிதத்தைப் படித்த டாக்டர், மறதி எப்போதிலிருந்து என்று கேட்டார். இப்போதுதான், ஒரு மாதமாக, என்றேன். எழுதிக்கொண்டார்.