உரிமை இருக்கிற இடம்

தையல்காரம்மாவுக்குத் தெருவில் நல்ல பெயர். சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிடுவாள். வெட்டியது போக மிஞ்சியதையும் சுருட்டித் தைத்த துணிக்குள்ளேயே வைத்துக் கொடுப்பாள். லாரி ஓட்டும் அவள் புருஷனும் ஊர்ப் பேச்சில் தங்கமான மனுஷன்தான். வீட்டுக்குள் மட்டும் கை நீளும். கன்னம் வீங்கிய நாட்களில் வாடிக்கைக்காரப் பெண்கள் உச்சுக் கொட்டினால் அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சிரிப்பாள்.

"வெளியில யாரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். உரிமை இருக்கற இடத்துலதானே கோபத்தைக் காட்ட முடியும்?"

மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மகன் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான்.

அவனுக்குப் பதினாறு வயதானபோது, அவன் வகுப்பில் படிக்கும் மருந்துக்கடைக்காரர் மகள் ஒரு பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்தாள். ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது.

"கதவுல மாட்டிக்கிச்சா?"

"இல்ல ஆன்ட்டி, உங்க பையன்தான். நான் வேற பையன்கூடப் பேசினா அவனுக்குப் பிடிக்காது." தோளில் கன்றிப்போன விரல் தடங்களை, புதுத் தோட்டைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். "உரிமை இருக்கற இடத்துலதானே கோபத்தைக் காட்ட முடியும்னு சொல்வான். கிளாஸ்ல எல்லாருக்கும் என்மேல பொறாமை."

தையல்காரம்மா சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்பதுதான் வந்தது.

மகன் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டாள். "அந்தப் பொண்ணு மேல கை வெச்சியா?"

"அவளே ஒண்ணும் சொல்லல. உனக்கென்ன?"

பளாரென்று அறைந்துவிட்டாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இப்ப நீ அடிச்சது எந்த உரிமையில?" என்றான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் சிரித்தார். "வயசுப் பையன், விடு."

மறுநாள் அவள் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். "பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. என் பையன்கிட்டேருந்து தள்ளி வெச்சாப் போதும்" என்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கெஞ்சினாள். அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, நன்றிகூடச் சொன்னாள். அன்று மகளுக்கு விழுந்த அடி தெருமுனைவரை கேட்டது.

அடுத்த வாரம் அந்தப் பெண் உதடு வீங்கியபடி தையல் கடை வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப திருப்தியா ஆன்ட்டி? எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனாவது அடிச்சா அப்புறம் அழுவான். எங்கம்மா அழல."

அதற்குப் பிறகு இருவரும் யாருக்கும் ஒளியவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கை அவள் பிடரியில் இருக்கும். பரீட்சை நெருங்கும் சமயத்தில் அவள் வலது கையில் மாவுக்கட்டு வந்தது.

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் கேட்டாள். "மருந்துக்கடைக்காரர் பொண்ணு படியில விழுந்துட்டாளாமே?"

தையல்காரம்மா அளவு நாடாவை அவள் தோளில் வைத்து அழுத்தினாள்.

"அப்படித்தான் சொல்றாங்க. அசையாம நில்லும்மா."