ஜெசிந்தா டீச்சர் படத்தை நிறுத்திய இடங்கள்

ஒடிசாவுக்குப் போர்வெல் போடக் கிளம்பிய ரிக் வண்டிக்காரர் ஒருவரோடு கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பிந்து போன் செய்தாள். நான் கடையில் இருக்கும் நேரத்தில் என் மனைவி கூப்பிடுகிறவள் அல்ல. "சேட்டா, டீச்சர் போயி" என்றாள் அவள் மலையாளத்தில். "எங்கே போனாங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் அவள் அழுவது காதில் விழுந்தது.

சேலம் பஸ் ஸ்டாண்டில் திருச்செங்கோட்டு வண்டிக்குக் காத்திருந்த ஜெசிந்தா டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தண்ணீர் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி ஹாலில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்கு மேல் போட்டிருந்த துணியைக்கூட எடுத்து மடித்து வைத்துவிட்டார்களாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அதே பாயில் என்னோடு உட்கார்ந்தவர்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். சமூக அறிவியல் டீச்சர் இறந்தார், இரங்கல் கூட்டம் நடந்தது, வேறு டீச்சர் வந்தார் என்று விஷயம் முடிந்துபோவதை என்னால் தாங்க முடியவில்லை.

முதல் தடவை அந்த ஹாலுக்குள் நான் போனது சண்டை போடத்தான். சனிக்கிழமை தோறும் சினிமாவும் சீரியலும் போட்டுக் காட்டுகிறார்கள், பெற்றோரையும் வரச் சொல்கிறார்கள் என்று மகள் யாழினி சொன்னாள். ரிக் வண்டியில் ஹெல்பராக மண் தின்று, அதற்குப் பிறகு உதிரி பாகக் கடை வைத்தவன் நான். என் பிள்ளை படிக்கிற நேரத்தில் படம் பார்ப்பதா? "ஏனுங்க டீச்சர், டிவியை அமத்துன்னு ஊட்ல நாங்க தொண்டை வத்தக் கத்துறோம். நீங்க பள்ளிக்கூடத்துலயே போட்டுக் காட்டுறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "வீட்ல நீங்க ஓட விடுறீங்க, யாழினி அப்பா. இங்க நான் நிறுத்துறேன். அதுதான் வித்தியாசம். உக்காந்து பாருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ஏதோ சீரியல். பெரிய வீடு, பட்டுப்புடவை, மாமியார் கத்துகிறாள். திடீரென்று ரிமோட்டை அமுக்கினார். எல்லோரும் வாயைத் திறந்தபடி திரையில் நின்றார்கள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல மீட்டிங். இந்த வீட்ல இருந்து யார் வருவாங்க?" என்று கேட்டார்.

"அம்மா" என்றார்கள் பிள்ளைகள்.

"அம்மா தறிக்குப் போயிட்டாங்க."

"அப்பா."

"அப்பா ரிக்ல, சத்தீஸ்கர்ல. வேற?"

பின்னால் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். "எங்க ஊட்ல அப்பாவோட ரெண்டாவது சம்சாரந்தாங்க டீச்சர் வரும். வந்துட்டு, அம்மான்னு சொல்லிக்கும்." ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை அவங்க பேரையே சொல்லட்டும். யாழினி அப்பா உக்காந்திருக்கற பாயிலயே உக்காரட்டும்" என்றார். அடுத்த தடவை அந்த அம்மா வந்தார். தன் பேரைச் சொல்லித்தான் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்து அழைப்பில் தாய், தந்தை என்ற சொற்கள் போய், 'உன் வீட்டிலிருந்து ஒருவர்' என்று வந்தது. பாட்டன்மார் வந்தார்கள், அத்தைமார் வந்தார்கள், ஒரிய மொழி பேசுகிற தறிக்கார அண்ணன் வந்தார். எனக்குத் தெரிந்த ஒருவன், பெண்டாட்டி விட்டுப் போன வெட்கத்தில் ஊர்க் கல்யாணத்துக்கே போகாதவன், அவன்கூட வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஒரு சனிக்கிழமை, லாரி ஓட்டப் போன அப்பா திரும்பி வராத கதை ஒன்றைப் போட்டார். நல்ல படம்தான். ஆனால் எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் வடக்கே ரிக் வண்டியில் இருப்பவர்கள். வண்டி காட்டுக்குள் நின்றால் வாரக்கணக்கில் போன் வராது. அன்றைக்கு அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தாள். படத்தில் ஆள் வராமல் செருப்பு மட்டும் வீடு வந்து சேர்ந்ததும் எழுந்து ஓடினாள். டீச்சர் வெறுங்காலோடு வெயிலில் பின்னால் ஓடி, கேட்டுக்கு வெளியே அவளைப் பிடித்து மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் சேலத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன் என் கடைக்கு வருவார். "எந்த வண்டி எங்க நிக்குது? யார் ஊட்டுக்குப் பேசினாங்க, யார் பேசல?" ஊருக்கு வந்த பிறகு 'ஊடு' என்று சொல்லப் பழகியிருந்தார். ரிக் வண்டிகள் நிற்கிற இடம் உதிரி பாகக் கடைக்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் சொல்வேன். கேட்டுக்கொண்டு மறுநாள் எந்தப் படம் என்பதை மாற்றுவார். "புள்ளைங்க மனசு எப்படின்னு புஸ்தகத்துல படிச்சேன். அவங்கப்பா எங்க நிக்கிறார்னு புஸ்தகத்துல இல்லியே" என்றார். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயோடு சொன்னது.

இனி என் வீட்டுக் கதை. இதை எழுத பிந்துவிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் காடு தோட்டம் இல்லாத ரிக் ஹெல்பருக்குப் பெண் யார் கொடுப்பார்கள்? தரகர் பிடித்துப் பாலக்காட்டுக்குப் போய்க் கட்டிவந்தேன். அப்படிக் கட்டியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஊர் அதை ஏற்றுக்கொண்டது போலத்தான் இருக்கும். ஒரு சீர் வந்தால் தெரியும்.

யாழினி பெரியவள் ஆனபோது பிந்துவின் அண்ணன் வரவில்லை. அவர்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்ற வழக்கம் இல்லை, அவருக்கு வரவும் மனமில்லை. தாய்மாமன் இல்லாமல் பங்காளி ஒருவரை நிற்க வைத்துக் காரியத்தை முடித்தோம். அந்தச் சேதி அவள் வகுப்புக்கும் போய்விட்டது. "உனக்கு எந்த மாமன்டி சீர் கொண்டாந்தான்? பாலக்காட்டுல இருந்து போட்ல வந்தானா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "பாலக்காட்டுல கடலே இல்லடி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் என் மகள் அழுதிருக்கிறாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன், போன் வாங்கித் தருகிறேன் என்றேன். விலைக்கு மசியவில்லை. எனக்கு வேறு வழி தெரியாது.

டீச்சர் வீட்டுக்கு வந்தார். யாழினியைக் கூப்பிடவே இல்லை. பிந்து மலையாள சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீச்சருக்கு மலையாளம் ஒரு வார்த்தை புரியாது. "இந்தம்மா ஏன் அழுவுறாங்க?" என்று கேட்டார். "அழுவல டீச்சர், நடிக்குவா. கள்ளி" என்றாள் பிந்து. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என் வீட்டுக்கு வந்த நாளாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறமும் சில நாள் வந்தார். நான் பொறுக்காமல், "டீச்சர், புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "பிள்ளையைப் பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஹாலுக்குள்ள வாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த மலையாள சீரியலையே ஹாலில் போட்டு, கதை சொல்லப் பிந்துவை அழைத்தார். "என்ட தமிழ் கேட்டா சிரிப்பாங்க டீச்சர்" என்றாள். "சிரிக்கட்டும் பிந்து. சிரிச்சு முடிச்சா கதை கேப்பாங்க." பிந்து சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அம்மா தனியாக நின்று சிரிப்பு வாங்குவாளே என்று யாழினி சீருடை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். பிறகு கேட்டார்கள். ஒரு காட்சியில் அண்ணன்காரன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு வராமல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். அங்கே நிறுத்தினார் டீச்சர். "இவன் வரல. இனி சீர் யார் செய்வா?" சித்தி என்றார்கள், பக்கத்து ஊட்டு அக்கா என்றார்கள். யாழினியைக் கேலி செய்த அதே பெண் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் மாமன் வரமாட்டாருங்க டீச்சர். அம்மாவுக்கும் அவருக்கும் வரப்புச் சண்டை." என் மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சேலத்தில் அடக்கத்துக்குப் போனோம். மாதா கோயிலில் பங்குச் சாமியார் குடும்பத்தாரை முன்னால் வரச் சொன்னார். இரண்டே பெண்கள் எழுந்தார்கள். ஒருவர் டீச்சரின் அண்ணி. அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிறதாம். இன்னொருவர் அந்த அண்ணியின் தாயார், பார்வை மங்கிய கிழவி. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று அத்தனை வருஷம் கேட்டவர். உங்கள் வீட்டில் யார் டீச்சர் என்று எங்களில் ஒரு வாய் கேட்கவில்லை. "சனிக்கிழமை போடற படத்தை முன்னாடியே எங்க ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டுவா. அம்மா எங்க தூங்கிடறாங்களோ அதுவரைக்கும்தான் உங்களுக்குக் காட்டுவா" என்றார் அந்த அண்ணி. அழுதுகொண்டே சிரித்தார். டீச்சரின் பையிலிருந்த பென் டிரைவை என் கையில் கொடுத்தார். சோற்று டப்பாவைத் தானே வைத்துக்கொண்டார்.

அன்று வீடு திரும்பிய யாழினி புத்தகப் பையை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். இரங்கல் கூட்டத்துக்கும் போகவில்லை. பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு வருகிறது. "அந்த ஹாலைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போகணும்ப்பா. என்னால ஆகாது" என்றாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். திட்டினால் கேட்டுக்கொள்கிறாள், கெஞ்சினாலும் கேட்டுக்கொள்கிறாள். எதிர்த்துப் பேசினாலாவது பிடி கிடைக்கும். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. அவள் பெஞ்சுத் தோழி வந்து கூப்பிட்டாள், உறவில் படித்த பையன் வந்து பேசினான், நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளியைப் போய்ப் பார்த்தோம். டாக்டரிடமும் கூட்டிப்போனேன். எந்த ரிக்கில் எது உடைந்தாலும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன் நான். என் வீட்டில் உடைந்திருப்பதற்குச் சத்தமே இல்லை. பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

புதிதாக வந்த டீச்சர் நல்லவர். பாடம் பாக்கி இருக்கிறது, படத்துக்கு நேரமில்லை என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஹால் பூட்டிக் கிடந்தது. தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். போன சனிக்கிழமை ஒருநாளைக்கு மட்டும் திறந்துவிட்டார்.

நானும் பிந்துவும் போனோம். உங்களிலும் சிலர் வந்திருந்தீர்கள். பென் டிரைவில் கடைசியாக இருந்த படத்தைப் போட்டோம். தாய் விட்டுப்போன வீட்டில் அக்காக்காரி தம்பி தங்கைகளை வளர்க்கிற கதை, டிவியில் பல தடவை வந்ததுதான். ரிமோட் என் கையில். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு காட்சியும் நிறுத்த வேண்டிய இடம் போலவே இருந்தது. அமுக்கினால் என்ன கேட்பது? படம் முழுசாக ஓடியது. பாட்டு ஓடியது, பெயர்கள் ஓடின. பிள்ளைகள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். பிந்து டிவியின் மேல் துணியைப் போட்டாள். டீச்சர் இறந்தது எனக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சாத்தியிருந்த கதவுக்குள்ளிருந்து யாழினியின் குரல் வந்தது. "எந்தப் படம்?"

சொன்னேன்.

"எங்க நிறுத்துனீங்க?"

"நிறுத்தல சாமி. ஓட விட்டுட்டோம்."

கதவு கொஞ்சம் திறந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன். "அம்மாக்காரி திரும்பி வந்து வாசல்ல நிப்பாள்ல? அக்கா தட்டு ஒண்ணு சேத்து எடுக்கும். அதைக் கீழ வெக்கறதுக்கு முந்தி நிறுத்தோணும். இதுகூடத் தெரியலீங்களாப்பா உங்களுக்கு?"

"நிறுத்திட்டு என்ன கேக்கோணும் கண்ணு?"

கதவு மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. ஜெசிந்தா டீச்சர் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று யாராவது கேட்டால் என்னால் காட்ட முடிவது இவ்வளவுதான்: ஒரு படத்தில், ஒரே ஒரு இடத்தில் நிறுத்தத் தெரியும். அதையும் கதவிடுக்கிலிருந்து என் மகள்தான் சொன்னாள். தலைமையாசிரியர் இன்னொரு சனிக்கிழமை ஹாலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே படத்தைப் போட்டு, அந்தத் தட்டு தரையில் படுவதற்கு முன் நிறுத்திவிட்டு நிற்பேன். நீங்களும் வாருங்கள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் என் வீட்டில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.