மூன்றாம் இடத்து மண்

சென்ற ஆண்டு தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். திருநின்றவூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் நகரில், சமுதாயக் கூடம் கட்டப்போகும் காலி மனையில் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். எங்கள் நகரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ரகசியம் ஒன்றும் இல்லை, வெட்கம் மட்டும்தான் பாக்கி.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். லேத்திலிருந்து வருகிற பாகங்களை அளந்து, தேறும், தேறாது என்று பிரிக்கிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டிரேயில் மேலாகக் கிடக்கிற நாலு பீஸை மட்டும் அளந்துவிட்டு 'ஓகே' எழுதுகிற பையன்களை நான் சும்மா விட்டதே இல்லை. "அடியில கைய வுட்டு எடுடா, மேல இருக்கிறது நீ பாக்கணும்னே வச்சது" என்று சத்தம் போடுவேன். நகர் சங்கத்தில் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கியதும் இந்த வாய்க்காகத்தான் என்று என் கணவர் சொல்வார்.

கூடத்துக்கு முதல் வரைபடம் வந்தபோது அதில் பெரிய ஹாலும் மேடையும் சமையல்கட்டும்தான் இருந்தன. எங்கள் தலைவர் மனத்துக்குள் அப்போதே கல்யாணப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். எங்கள் நகரில் பாதிப் பெண்கள் காலை லோக்கலில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு அதற்கும் வழியில்லை. பின் தெருவில் ஒரு பெண், நல்ல வேலையில் இருந்தவள், ஒன்பது மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் வேலையை விடும் நிலைக்கு வந்திருந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று நான் எழுந்தேன். நாலு கூட்டம் சண்டை. ஐந்தாவது கூட்டத்தில் பின்பக்க மூலையில், ரோட்டுச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்து, அறை வரைபடத்தில் ஏறியது. மூலையைத் தேர்ந்தெடுத்தவளும் நானேதான்.

எங்கள் எஞ்சினியர் ஆவடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இளம்பெண். வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்து, இங்கெல்லாம் துளை போட்டு மண் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அன்று அவருக்கு வேறு இடத்தில் கான்கிரீட். சங்கத்தின் சார்பில் என்னைக் கூட நிற்கச் சொன்னார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்றேன்.

முக்காலி நட்டு, கயிற்றில் எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, குழாயை மண்ணுக்குள் அடிக்கிற வேலை அது. இரண்டு துளை முடிவதற்குள் மதியம் ஆகிவிட்டது. மூன்றாவது புள்ளி குழந்தைகள் அறை வரும் மூலையில். அங்கே ஆள் உயரத்துக்கு முட்புதர். புதரை வாரித் தள்ள ஜேசிபி மறுநாள்தான் வரும். அந்த ஆட்களோ, இன்று விட்டால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு அம்பத்தூர் வண்டியைப் பிடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. அவர்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் புதரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வந்து, தரையைக் காட்டி, "இங்கயே போட்ருங்க, எல்லாம் ஒரே மண்ணுதானே" என்றேன். அவர்களும் போட்டார்கள். தாளில் 'மூன்றாம் இடம்' என்று எழுதி நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். வண்டியையும் பிடித்துவிட்டேன்.

அறிக்கை வந்தது. மூன்று இடத்திலும் ஆறடியில் கெட்டி மண். எஞ்சினியர் அதை வைத்துக் கணக்குப் போட்டு, தூண்கள் எவ்வளவு ஆழம், அடிப்பாகம் எவ்வளவு அகலம் என்று வரைந்து கொடுத்தார். நான் துளையைத் தள்ளிப் போட்டதையே மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது சத்தியமான உண்மை. அது ஒரு தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் பூஜை போட்டோம். கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய இருப்பதால் ஐயர் தேங்காய் உடைத்ததும் பாஸ்டர் ஜெபம் செய்தார். அடுத்த சனிக்கிழமை சுண்ணாம்பால் கோடு போட்டுத் தூண் குழிகளைக் குறித்தார்கள். வரைபடத்தில் மட்டும் பார்த்த அறை தரையில் வெள்ளைக் கோடாக விரிந்ததும், நான் அதற்குள் போய் நின்று பார்த்தேன். தொட்டில் இங்கே, ஜன்னல் அங்கே என்று.

அப்போதுதான் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவள் புகுந்த வீட்டுக்காரர்களுடையது. கேனை இடுப்பில் வைத்துக்கொண்டே கோட்டைப் பார்த்தாள்.

"இன்னா யக்கா, கெணத்து மேலயா ரூம்பு கட்றீங்க?"

எந்தக் கிணறு என்று கேட்டேன்.

"எங்க கெணறுதான். மோட்டார் போட்டு எறச்ச கெணறு. பிளாட்டு போட்டவங்க லாரி லாரியா கண்டதக் கொட்டித் தூத்துட்டாங்க. மேல முள்ளு மொளச்சிக்கிச்சு."

சரியாக எந்த இடம் என்றதற்கு, "அதெங்க நெனப்பு கீது? முள்ளு இருந்த பக்கம்தான். இல்லாங்காட்டி கொஞ்சம் அந்தாண்ட" என்று கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது துளையைப் பதினைந்து அடி தள்ளிப் போடச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்றே எஞ்சினியருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சொன்னால் துளையைத் தள்ளிப் போட்டது வெளியே வரும். அது போகட்டும், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த அறையைத் தூக்க எப்போது சாக்குக் கிடைக்கும் என்று தலைவர் காத்துக்கொண்டிருந்தார். சாக்கை நானே தட்டில் வைத்துக் கொடுப்பதா? பால்காரப் பெண்ணுக்கே இடம் நினைவில்லையே, அந்தாண்ட என்றும் சொன்னாளே, ஒருவேளை மனைக்கு வெளியே இருக்கலாமே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். திங்கட்கிழமை வேலையில் ஒரே பாகத்தை மூன்று தடவை அளந்தேன், மூன்று அளவு வந்தது. மேலாக எடுத்து அளந்த ஒரு பையனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். அவன்தான் பயந்துபோய், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

செவ்வாய்க்கிழமை குழி தோண்டினார்கள். புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு மனைக்குப் போனேன். மற்ற குழிகளில் எல்லாம் செம்மண்ணும் அடியில் கெட்டிக் களிமண்ணும். மூலைக் குழியில் மட்டும் மண் கறுப்பாக இருந்தது. ஓட்டுத் துண்டும் பிளாஸ்டிக் பையும் எட்டிப் பார்த்தன. மேஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பயப்படாதீங்க மேடம். ரிப்போர்ட்ல மூணாவது எடம் சூப்பர் மண்ணுன்னு கீது. மேல கொஞ்சம் குப்ப, அவ்ளோதான். நீங்கதானே கூட நின்னு எடுத்தீங்க?"

என் கையெழுத்தை எனக்கே சாட்சியாகக் காட்டினார். நாளைக் காலை கான்கிரீட் என்றார்.

குழியின் அடியைச் சமன் செய்ய ஒரு சித்தாள் பெண் இறங்கினாள். ஓரத்தில் இருந்து நடுவுக்கு ஓர் அடி எடுத்து வைத்தாள். கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. "யம்மா!" என்று கத்தினாள். மேஸ்திரி கையைக் கொடுத்து இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்துதான். "பாதாளத்துக்குப் பூட்ச்சிம்மா, இன்னொண்ணையும் போட்டுடு, அங்க யாருக்காச்சும் ஜோடியா ஆவட்டும்" என்று ஒருவர் கேலி செய்தார். செருப்பை எடுக்கலாம் என்று ஒரு கம்பியை விட்டுத் துழாவினார்கள். கம்பி போனது. இன்னும் போனது. பிடித்திருந்தவர் கை மண்ணைத் தொடும் வரைக்கும் போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரும் உள்ள எறங்காதீங்க" என்று கத்திவிட்டு எஞ்சினியருக்குப் போன் போட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துளை, முட்புதர், நான் பிடித்த வண்டி, பால்காரப் பெண் சொன்னது, நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"உங்க கையெழுத்த நம்பித்தான் மேடம் நான் என் கையெழுத்தப் போட்டேன். நாளைக்கு இது சாஞ்சா என்ன பண்ணுவோம்? குழந்தைங்க ரூம் வேணும்னு சண்ட போட்டு வாங்கினவங்களே நீங்கதானே?"

என் மகள் வயதுப் பெண். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூலையைச் சுற்றிக் கயிறு கட்ட வைத்தார். கிளம்பும்போது, "கமிட்டியில நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார். அடுத்த இரண்டு நாளில் ஜேசிபியை வெளியே நிறுத்தி எட்டி எட்டி மண்ணை வாரியதில் கருங்கல் சுற்றுச் சுவர் தெரிந்தது. கிணற்றின் வாய் முக்கால்வாசி அறைக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனையிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று சொன்னேன். ஊரை விரட்டுகிற வாய் அன்றைக்குத் தந்தியடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், யாரும் குறுக்கே பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ அந்த ரூமே வேணாம்னு முடிவு பண்ணிடலாம். ஹாலோட நிறுத்திப்போம்." நான் பயந்தது அப்படியே நடந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பின் தெருப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"யக்கா, அந்த ரூம்புல மொதல்ல எம்பொண்ணத்தான் வுட்டிருப்பேன். நீங்க நின்னு கட்றீங்கன்னு வேற யாரையும் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன்."

அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. தலைவர் பக்கம் திரும்பினாள். "தப்பு அவங்க பண்ணாங்க சார். ரூம்பு எங்களுக்குத்தானே வேணும், அத்த ஏன் எடுக்கறீங்க? வேற பக்கம் போடுங்க."

பின்னால் இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எஞ்சினியர் வரைபடத்தை விரித்து, அறையை முன்பக்கம் கொண்டுவரலாம், ஹாலில் ஒரு தூண் வரிசை குறையும், மேடை சிறுக்கும் என்றார். மேடை சிறுத்ததில் தலைவருக்கு என் மேல் கோபம். இன்றைக்கும் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரிடம்தான் சொல்கிறார்.

திரும்பவும் துளை போட வேண்டும், இந்தத் தடவை ஐந்து இடம். கூட நிற்க யார் என்ற கேள்வி வந்தது. நான் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். அதற்குள் பின் தெருப் பெண்ணே மறுபடியும் சொன்னாள்: "இவங்களே நிக்கட்டும். இவங்களுக்குத்தான் இப்போ பயம் கீது."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மன்னித்தாளா, தண்டித்தாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். ஐந்து துளைக்கும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு நாள் வெயிலில் நின்றேன். குறித்த இடத்திலிருந்து ஒரு ஜாண் நகரவிடவில்லை. அந்த ஆட்கள் என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார்களோ.

இப்போது தூண்கள் தரைமட்டம் தாண்டி எழுந்திருக்கின்றன. பின்மூலையை வேலி போட்டுக் காலியாக விட்டிருக்கிறோம். குழந்தைகள் அறைக்கு நாலு தூணும் முன்பக்கம் நிற்கின்றன. பின் தெருப் பெண் இப்போதைக்குக் குழந்தையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்தால், அவசரத்திலும் ஒரு நிமிடம் நின்று கேட்பாள்: "யக்கா, கெட்டியா கீதா?" எல்லாம் கெட்டிதான் என்று எட்ட நின்றே சொல்லிவிட என்னால் முடிவதில்லை. அவளை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய், நாலு தூணையும் சுற்றி வந்த பிறகுதான் "கெட்டிதான், நீ கெளம்பு" என்கிறேன். அதில் எங்கள் இரண்டு பேரின் வண்டியும் சில நாள் தவறிப்போகிறது. தவறட்டும், அன்றைக்கு நான் பிடித்த அந்த மதிய வண்டியை நினைத்தால் இன்னும் எனக்குக் குலை நடுங்குகிறது.