இரண்டு மூச்சு

எதைக் குடிப்பதற்கு முன்பும் சந்திரமோகன் டம்ளரை மூக்கருகே பிடித்து இரண்டு மூச்சு இழுப்பார். காபி, மோர் என்றில்லை. வெறும் தண்ணீராக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணமான மறுநாள் காலையில் கொடுத்த காபியை அவர் அப்படி முகர்ந்தபோது, பெண்ணின் அத்தை ஒருத்தி, "என்ன மாப்பிள்ளை, விஷமா கலந்திருக்கோம்?" என்று கேட்டேவிட்டாள். பத்தொன்பது வருஷமாக மங்களம் அந்த இரண்டு மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மூக்குதான் அவர் வீட்டுக்குச் சோறு போட்டது. அப்பா செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் சந்திரமோகன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார். டிரம் மூடியைத் திறந்ததும் உள்ளே இருப்பது எதுவென்று மெஷின் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதைப் பார்த்த ஒரு நண்பர், பேகம்பேட்டில் வெளியூர், வெளிநாட்டு ஒயின்களை வாங்கி ஓட்டல்களுக்கு விற்கும் சின்னக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். குடோனில் பெட்டி எண்ண ஆரம்பித்தவர் படிப்படியாகக் கம்பெனியின் டேஸ்டர் ஆனார். எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவர் முகர்ந்து சொல்வதுதான். ஆபீசில் அவருக்குப் பெயரே 'மூக்கு சார்'.

போன மார்ச்சில் ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. நான்கடி தூரத்தில் உட்கார்ந்து சந்திரமோகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள் அறையிலிருந்து மகள் சுப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, பால் தீய்ந்தது தெரியவில்லையா என்று தெலுங்கில் கத்தினாள்.

"டாடி! பாலு மாடிபோயாயி, தெலியலேதா?"

"ஏதோ யோசனைல இருந்துட்டேம்மா."

மங்களம் வழிந்த பாலைத் துடைத்தாள். மறுநாள் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி, டம்ளரின் விளிம்பெல்லாம் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு மூச்சு இழுத்தார். குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எத்தனை நாளா?" என்றாள் மங்களம்.

"எது எத்தனை நாளா?"

"டம்ளர் பூண்டு நாறுது. நாலு வீட்டுக்கு நாறுது. உங்களுக்கு எத்தனை நாளா தெரியல?"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பிப்ரவரில காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து. டாக்டர்கிட்ட போனேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்ங்கறார்."

"ஆபீஸ்ல?"

"சொன்னா அன்னைக்கே முடிஞ்சுது. மூக்கு போன மூக்கு சாரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? மறுபடி குடோன்ல பெட்டி எண்ணச் சொல்லுவாங்க. அதுவும் பாவம் பார்த்து."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. முதலாளியின் மகன் உமேஷ் அந்த வருஷம் பொறுப்பேற்றிருந்தான். கோடைக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட வேண்டும், நாற்பத்திரண்டு ஒயினையும் மே கடைசிக்குள் ருசி பார்த்து எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தான். வெயிலுக்கு ஏற்றதாக ஏறக்குறைய எல்லாமே வெள்ளை. சிவப்பாக இருந்தால் கண்ணே பாதியைச் சொல்லிவிடும். வெள்ளையில் அது நடக்காது; எதைக் கிளாஸில் ஊற்றினாலும் கழுவின வைக்கோல் நிறம். நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, லேசான கசப்பு, தொண்டையில் இறங்கும் சூடு இவ்வளவுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் மூக்கில் இருந்தது. மூக்கு இல்லை.

இரண்டு நாள் சுற்றி வளைத்துவிட்டு மங்களத்திடம் கேட்டார்.

"நானா? விளக்கேத்தற கையால பாட்டிலா?"

"வெறுமன முகர்ந்து சொன்னா போதும்."

"உங்க அண்ணன் குடிச்சுட்டு வந்தப்ப வாசல்லயே நிக்க வெச்சவ நான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அவள் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வாயில வெச்சுத் துப்புவேன். ஒரு சொட்டு உள்ள போகாது. சுப்ரியாவுக்குத் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை நக்கோ, வேணாம்."

"ஹவ்," என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒப்புக்கொண்டார் சந்திரமோகன்.

வெள்ளி தவிர தினமும் காலை ஐந்தரைக்கு, டிகாக்‌ஷன் இறக்குவதற்கு முன், கடுகு வெடிப்பதற்கு முன், சமையலறைக்குப் பின்னால் இருந்த வாஷ் ஏரியாவில் அது நடந்தது. அவர் சாம்பிள் பாட்டிலிலிருந்து இரண்டு விரல் உயரம் ஊற்றித் தருவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்வாள், ஒரு வாய் வைத்துக் கொப்பளித்து ஸிங்க்கில் துப்புவாள், சொல்வாள். சுப்ரியாவின் பழைய ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் அவள் சொன்னதை அப்படியே எழுதுவார். வலது பக்கம் அதைத் தொழில் பாஷைக்கு மாற்றுவார்.

"பச்சை மிளகாயைக் கிள்ளின விரல். பின்னாலயே கொய்யாக்காய்," என்பாள். அது சாவிஞ்ஞோன் என்ற திராட்சை. "கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கறாங்க," என்பாள். அது வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு ஜெர்மன் ஜாதித் திராட்சை. நாசிக்கில் செய்த ஷெனின் ஒயின், பப்பாளியும் கொஞ்சம் தேனும். மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே ஒயின், நெய் பதத்துக்கு வரும் முன் வெண்ணெய் கொதிக்கிற வாசனை. ரீஸ்லிங் என்ற ஒயினை முகர்ந்த அன்று அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இது கெட்டுப்போச்சுங்க. கிருஷ்ணாயில் ஸ்டவ் மாதிரி இருக்கு."

சந்திரமோகனுக்கு உடம்பு சிலிர்த்தது. "கெடல. அந்தத் திராட்சைக்கு அதான் அடையாளம். புஸ்தகத்துல பெட்ரோல்னு போட்டிருப்பான். நிறைய பேருக்கு அது பிடிபட வருஷக்கணக்காகும்."

"அப்ப எது கெட்டதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று நோட்டை மூடினார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு பூர்ணா துணி எடுக்க வந்தவள் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டாள். "ஏமிடி மங்களம்காரு, சூரியன் வர்றதுக்குள்ள சீசா?"

"வினிகர், வதினா. ஊறுகாய்க்கு."

"ஆவக்காய்க்கு வினிகரா? உங்க அரவம்வாள்ளு எதையும் விடமாட்டீங்க!" தமிழர்களை அப்படித்தான் சொல்லும் பூர்ணா சிரித்துக்கொண்டே போனாள். மங்களம் பாட்டிலை மறைத்து வைத்தாள். உண்மையில் அந்த வருஷம் அவள் ஊறுகாயே போடவில்லை. கடுகும் மிளகாயும் இடித்தால் வீடு முழுக்க நாலு நாள் நெடி நிற்கும், மூக்கு மழுங்கிவிடும் என்று மாங்காய் வாங்குவதையே தள்ளிப்போட்டிருந்தாள்.

மே முடிந்தது. பட்டியல் அச்சாகி வந்தது. உமேஷ் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மூக்கு சார், பதினெட்டு வருஷத்துல நீங்க இப்படி எழுதினதே இல்லையாம், அப்பா சொல்றார்," என்றான். பேகம்பேட்டில் ஒரு பெரிய ஓட்டல் எட்டு ஒயினை எடுத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். எழுதியவரே வந்து ஓட்டல் ஆட்களுக்கு நேரில் ருசி பார்க்கக் கற்றுத்தர வேண்டும்.

வீட்டில் சொன்னபோது மங்களம் கேட்டாள், "நான் முகர்ந்தது வேற பாட்டில். அங்க தொறக்கப்போறது வேற பாட்டில். அதுல ஏதாவது ஆகியிருந்தா?"

"நூத்துல ஒண்ணு ரெண்டுதான் கெடும்."

"சொல்லிடுங்க. இப்பவே உமேஷ்கிட்ட சொல்லிடுங்க. மூக்கு போனது உங்க தப்பு இல்ல. இனிமே சொல்லாம இருக்கறதுதான் தப்பு."

"இந்த ஒண்ணு முடியட்டும்," என்றார் அவர்.

ஜூன் இரண்டாம் வாரம். முந்தின நாள் முதல் மழை பெய்திருந்தது. ஓட்டலின் கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பார் மேனேஜர் பிரசாத் முன்னால். உமேஷ் கடைசி நாற்காலியில். புதிதாகத் திறக்கும் ரெஸ்டாரன்டில் ஒயினைப் பார்த்துக்கொள்ள அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாட்டில்களைத் திறக்க அவர்களில் ஒருத்தி உதவிக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் போனில் மங்களத்திடம் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும்.

"சார் தமிழா? நான் ரோஸ்லின். எங்க அப்பா ரயில்வே. ஒர்க்‌ஷாப்."

"எங்க அப்பாவும் அங்கதான்மா."

"அப்ப நம்ம ஆளு!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்பது வருஷமா பேங்க்வெட் விருந்துல தட்டு தூக்கறேன் சார். இதுக்காக ஆறு மாசமா படிச்சுக்கிட்டு இருக்கேன். கிடைக்குமான்னு தெரியல."

"கிடைக்கும்," என்றார் அவர்.

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் டேஸ்டர் முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. சந்திரமோகன் எட்டு பாட்டிலையும் முகர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூச்சு. எட்டுக்கும் தலையசைத்தார்.

ஐந்து கிளாஸ் வரை நோட்டு அவரைக் காப்பாற்றியது. மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர்கள் மூக்கை விட்டு, "ஆமா சார், கொய்யா!" என்றார்கள். ஆறாவது அந்த ஷார்டனே. "வெண்ணெய், அன்னாசி, லேசா வறுத்த முந்திரி," என்றார்.

யாரும் ஆமாம் சொல்லவில்லை. பிறகு ரோஸ்லின் கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு வெண்ணெய் வரல. மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வருது. கார்க் கெட்டுப்போனா அப்படி வரும்னு படிச்சேன். இது கெட்ட பாட்டிலா சார்?"

பிரசாத் திரும்பி சந்திரமோகனைப் பார்த்தான். உமேஷ் போனிலிருந்து தலை தூக்கினான். சந்திரமோகன் கிளாஸை எடுத்து இரண்டு மூச்சு இழுத்தார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. இன்னொரு பாட்டிலைத் திறங்கள் என்றால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருக்கிற பன்னிரண்டு மூக்கும் சொல்லிவிடும். ஆனால் கால் மணி நேரத்துக்கு முன் இதே பாட்டிலை எல்லோர் கண் முன்னாலும் முகர்ந்து தலையசைத்தது யார்? உமேஷின் கண் அவர் மேலேயே இருந்தது.

"அது கார்க் இல்லம்மா, மரம்," என்று அவர் சொல்வது அவருக்கே கேட்டது. "ஓக் பீப்பாய்ல இருந்தது. பழகாத மூக்குக்கு அட்டை மாதிரிதான் தோணும். போகப் போகத் தெரியும்."

பிரசாத் சிரித்தான். "ஒன்பது வருஷம் பேங்க்வெட்ல அட்டைப்பெட்டி பிரிச்சா எல்லாமே அட்டையாத்தான் தெரியும், ரோஸ்லின்."

அறையே சிரித்தது. "சாரி சார்," என்றாள் ரோஸ்லின். தன் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'மரம்' என்று எழுதினாள். அவள் அடித்ததை அவர் பார்த்தார். ஒரே கோடு போடவில்லை. எழுத்து தெரியாதபடி மூன்று முறை அடித்தாள். கடைசி இரண்டு ஒயினுக்கும் அவர் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் பிரசாத், தீபக் என்ற பையனின் தோளைத் தட்டி அழைத்துப்போனான். புது ரெஸ்டாரன்ட் வேலை அவனுக்குப் போனது.

மிச்சமிருந்த ஷார்டனேயைச் சந்திரமோகன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் ஐந்தரைக்கு, ஒன்றும் சொல்லாமல், இரண்டு விரல் உயரம் ஊற்றி நீட்டினார். மங்களம் முகர்ந்தாள். சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்தாள்.

"என்னங்க இது? நனைஞ்ச அட்டைப்பெட்டி. இதே பேர்ல அன்னைக்கு வெண்ணெய் வந்துச்சே, எங்க போச்சு?"

"இன்னொரு தரம் பாரேன்."

"நக்கோ. வாயிலகூட வெக்க மாட்டேன்." அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நேத்து யாராவது சொன்னாங்களா?"

"ஒரு பொண்ணு சொன்னா. நம்ம ரயில்வே ஆளுங்க பொண்ணு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் நோட்டைத் திறந்து மூடினார். சொன்னார். மங்களம் பாட்டிலை எடுத்து ஸிங்க்கில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு போகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கே போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க," என்றாள். "உமேஷுக்குச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அவகிட்ட சொல்லணும்."

அன்று அவர் ஓட்டலின் ஊழியர் வாசல்வரை போனார். உள்ளே போனால் விஷயம் பிரசாத் காதுக்குப் போகும், அங்கிருந்து உமேஷுக்குப் போகும் என்று பட்டது. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். ஜூலையில் இன்னொரு முறை போனார். அன்று அவளுக்கு லீவு. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை மங்களத்திடம் மறைக்கவும் தெரியவில்லை.

நவம்பரில் பூர்ணாவின் மகனுக்கு நிச்சயதார்த்தம். மத்தியான விருந்து அதே ஓட்டலில். மங்களமும் அவரும் உட்கார்ந்திருந்த மேஜைக்குத் தட்டோடு வந்தவள் ரோஸ்லின்.

"சார்! நல்லா இருக்கீங்களா? அக்காவா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, சார்கிட்ட அன்னைக்குப் படிச்சதுதான் எனக்கு இன்னைக்கும் உதவுது. மடத்தனமா ஒண்ணு உளறினேன், திட்டாம சொல்லிக் குடுத்தார். போன மாசம் புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கு நானே சொல்லிட்டேன். அட்டை வாசனை வந்தா பயப்படாதீங்க, அது மரம்னு."

மங்களம் கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். சந்திரமோகன் தண்ணீர் கிளாஸை எடுத்தார். மூக்கருகே பிடித்து இரண்டு மூச்சு இழுத்தார். குடித்தார்.

"நல்லா இருக்கேம்மா," என்றார்.

ரோஸ்லின் அடுத்த மேஜைக்குப் போனாள்.

"கூப்பிடட்டுமா?" என்றாள் மங்களம்.

"பந்தி நடக்குது. அவளுக்கு வேலை இருக்கு. சாப்பிட்டு முடிச்சுச் சொல்றேன்."

பாயசம் வந்தது. பீடா வந்தது. ரோஸ்லின் அந்தப் பக்கம் இரண்டு முறை வந்துபோனாள். திரும்பும்போது ஆட்டோவில் மங்களம் வீடுவரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரெக்கார்டு நோட்டில் நாற்பத்திரண்டு ஒயினுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. இடது பக்கம்: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. வலது பக்கம் அவர் கையெழுத்தில்: ரோஸ்லின் சொன்னதுதான் சரி. வாஷ் ஏரியா அலமாரியில், காலி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் அந்த நோட்டு இருக்கிறது. அடுத்த கோடைப் பட்டியலுக்கு உமேஷ் ஐம்பது என்று சொல்லியிருக்கிறான். அந்த வரியை ரோஸ்லினிடம் சந்திரமோகன் இன்னும் சொல்லவில்லை.