டர்போ வண்டியும் என் அக்காவின் காலும்

என் அக்காவை எல்லாரும் 'ஆமை' என்றுதான் கூப்பிடுவார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். மேட்டின் மேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் கூண்டு வண்டிக்குப் பதினோரு வருடமாக அவள்தான் டிரைவர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தொட்டி, நாலு தடித்த டயர். அவ்வளவுதான் வண்டி. கீழே பள்ளத்தாக்கில் முப்பது வீடுகள் இருக்கின்றன. அந்தக் கரடுமுரடான பாதையில் ஆம்புலன்ஸ் இறங்காது. யாருக்கு முடியாமல் போனாலும் அக்காதான் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

அவள் சரியான பயந்தாங்கொள்ளி. கூடப் பிறந்தவன் சொல்கிறேன், பொய்யில்லை. சாவி போடுமுன் நாலு டயரையும் உதைத்துப் பார்ப்பாள். பிரேக்கை அமுக்கிப் பார்ப்பாள். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. நான் மெக்கானிக். நான் பார்த்துக் கொடுத்த வண்டியை இவள் இன்னொரு தடவை பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான் என்ன வெட்டியாவா நட்டு முடுக்கினேன்?"

"உன் மேல சந்தேகம் இல்லடா. எனக்குப் பயம், பாக்கறேன்."

போன மாதம் கீழே ஒரு தச்சருக்கு நெஞ்சு வலி. அக்கா ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்துவிடும். பழைய எஞ்சின் திணறியது. நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் தொட்டியைத் திறந்தபோது மனிதர் போய்ச் சேர்ந்திருந்தார். டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று தனக்குள் முணுமுணுத்தார். அது அக்கா காதில் விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழையதைத் தள்ளிவிட்டுப் புது வண்டி வாங்க ஆஸ்பத்திரியில் முடிவு செய்தார்கள். எது வேண்டும் என்று ஓட்டுகிறவளே சொல்லட்டும் என்றார் டாக்டர். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று விற்பனையாளர் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று டர்போ, ஒன்று சாதா. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு சின்ன விசிறி. மெலிந்த காற்றிலும் வண்டிக்கு மூச்சு முட்டாது.

"டர்போ எடுங்கக்கா. பறக்கும்" என்றார் அவர்.

"பறக்கறதுக்கு நான் என்ன கொக்கா? தரையில போனாப் போதும்."

நான் டர்போ கட்சி. "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று குதித்தேன்.

"அப்ப நீ பின்னாடி படு" என்றாள். ஆளோடு ஏறினால்தான் வண்டியின் லட்சணம் தெரியுமாம். என் வாய்தான் எனக்கு எமன்.

கீழே பாதை தொடங்கும் இடத்தில் என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து மூன்று பட்டைகளால் இறுக்கினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டுக் கம்பியும் வானமும்தான். முதலில் சாதா. எவ்வளவு மிதிக்கிறாளோ அவ்வளவு போனது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம் என்று ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அதை அலுங்காமல் தாண்டியது. அதற்கு மேல்தான் இருமத் தொடங்கியது. முப்பத்தெட்டு நிமிடம். படுத்திருந்த எனக்கு வழி பூராவும் தச்சர் ஞாபகம்.

அடுத்து டர்போ. ஐயோ, என்ன ஏற்றம்! வளைவு வரைக்கும் எனக்கு ஒரே குஷி. அங்கேதான் வந்தது வினை. டர்போ மிதித்தவுடன் இழுக்காது. விசிறி வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். பதினோரு வருடம் சாதா வண்டியை மிதித்த கால் பொறுக்குமா? வண்டி கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு மிதி மிதித்துவிட்டாள். இரண்டு மிதிக்கும் சேர்த்து ஒரேயடியாகப் பாய்ந்தது வண்டி. பின்பக்கம் வெளியே வீசியது. என் காலுக்குக் கீழே ஒரு சக்கரம் எதையும் தொடாமல் சுற்றுகிற சத்தம் கேட்டது. கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. பட்டைகள் நெஞ்சை அமுக்கின, கையைக்கூட அசைக்க முடியவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

"அசையாத. மூச்சுகூட மெதுவா விடு" என்றாள் அக்கா. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

லோ கியரில் போட்டாள். தொட்டும் தொடாமலும் மிதித்தாள். பொறுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதும் பொறுத்தாள். வண்டி மெல்ல நகர்ந்து தரையைப் பிடித்தது.

இறங்கி வந்து பட்டையை அவிழ்த்தாள். நான் எழுந்து பாறை ஓரமாக வாந்தி எடுத்தேன். மறுபடி ஏறி, மேலே போய்ச் சேர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால், வளைவில் நின்றதையும் சேர்த்து இருபத்தாறு நிமிடம்.

டாக்டரின் மேசையில் ஒரு தாள் காத்திருந்தது. எந்த வண்டி என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாதாவையே எடுத்துடுக்கா. உன் கால்ல விழறேன். பின்னாடி படுத்திருந்தவன் சொல்றேன்."

"உனக்கு நெஞ்சு வலிச்சுதா?"

அவள் கையை விட்டேன். அவள் டர்போவைக் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாக விழுந்தது கையெழுத்து.

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றாள். "நாளைக்குக் காலையில வந்துடு. கால் பழகற வரைக்கும் அந்த வளைவுல ஏறி இறங்கணும். நீ பின்னாடி படுத்துக்க."

"நானா? ரெண்டு மணல் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயேன்!"

"மணல் மூட்டைக்கெல்லாம் என் கால் பயப்படாதுடா."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் படுத்தேன்.