காற்றிறக்கிய சக்கரமும் என் வலது தோளும்

நண்பகல் லுஹர் தொழுகைக்குத் தக்பீர் கட்டக் கைகளைத் தூக்கினேன். இடது கை காதுவரை போனது. வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. தோளுக்குள் ஊசியை வைத்துத் திருகியது போல ஒரு வலி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுது முடித்தேன். என்ன ஓதினேன் என்று சத்தியமாக நினைவில்லை. பயந்தது மட்டும் நினைவிருக்கிறது.

“கை வலிதானே மச்சான், தைலம் தேய்ச்சா போயிரும்” என்றாள் மனைவி ரஹ்மத்.

“உனக்கென்ன, காலு ரெண்டும் இருக்கு” என்று எரிந்து விழுந்தேன். அவள் தைலத்தை எடுத்து வந்து தேய்த்தாள்.

சவூதியில் நான் ஓட்டிய தண்ணீர் லாரி கவிழ்ந்து தண்டுவடத்தில் அடிபட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறை இருக்கைக்கும் கைகளை ஊன்றித்தான் மாறுவேன். கழிவறைக்கு மட்டும் அதுவரை ஒருவரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. என்னிடம் மிச்சமிருந்த மானம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

தைலத்துக்கு வலி கேட்கவில்லை. இராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சுழல் தசைநாண் (தோள் மூட்டைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் தசையின் நுனி) பாதி கிழிந்திருந்தது.

“மூணு வாரம் இந்தக் கைய ஊனக் கூடாது பாய்” என்றார் மருத்துவர்.

“அப்ப நான் எப்படி டாக்டர் கக்கூஸ் போறது?”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “வீட்ல தூக்கிவிட ஆள் இருக்கா?”

“நான் இருக்கேன்” என்றாள் ரஹ்மத். என் எடையில் பாதிகூட இருக்க மாட்டாள்.

“முழுசாக் கிழிஞ்சிட்டா என்ன டாக்டர் ஆகும்?” என்று கேட்டேன்.

“கிழியாமப் பாத்துக்கத்தான் சொல்றேன்.”

வெளியே மருத்துவமனை நடைகூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் போன அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை. அன்றைக்குக் கை இருந்தது.

அங்கேயே பிசியோதெரபி பார்க்கும் பெண், என் தோளைத் தொடுவதற்கு முன் குனிந்து என் நாற்காலியின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் பொதுக்கென்று உள்ளே போனது.

“என்னண்ணே, பஞ்சரா?”

“இல்லம்மா, நாந்தான் காத்தக் குறைச்சு வச்சிருக்கேன். எங்க ஊரு வாலிநோக்கம் பக்கம். வாசல்ல பூராம் மணல். மணல்ல ஓட்டணும்னா காத்தக் குறைக்கணும்ல? பாலைவனத்துல லாரி ஓட்டுனவன் நான்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“வாசல் தாண்டுனா?”

“அப்புறம் கடைவரைக்கும் சிமெண்ட் ரோடு.”

“திரும்பக் காத்து அடிப்பீங்களா?”

அடித்ததே இல்லை. அவர் சிரிக்கவில்லை. “உங்க லாரிக்கு எஞ்சின் இருந்துச்சுண்ணே. இங்கன எஞ்சின் எது?” என்று கேட்டுவிட்டு என் வலது தோளில் கை வைத்தார்.

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பத்தடி மணலுக்காக, தினமும் ஒரு கிலோமீட்டர் சிமெண்டில் காற்றிறங்கிய சக்கரத்தைத் தள்ளி இந்தத் தோளை இழுத்து அறுத்திருக்கிறேன்.

அந்த மூன்று வாரமும் ரஹ்மத் தன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நடுவே பலகை போட்டு என்னைக் கழிவறை இருக்கைக்கு நகர்த்தினாள். முதல் நாள் நான் அழுதேன். “அழுவாம உக்காருங்க மச்சான், வழுக்கிரப் போறீங்க” என்று அதட்டினாள். அவளுடைய முதுகும் போய்விட்டால் என்ன செய்வது என்பது அடுத்த பயம்.

பிறகு நாற்காலியைத் தள்ளுவதையே புதிதாகக் கற்றேன். நான் குட்டிக் குட்டியாக, அவசரமாகத் தட்டித் தட்டித் தள்ளுகிறவன். இப்போது இடுப்புக்குப் பின்னாலிருந்து சக்கரத்தின் கைப்பிடி வளையத்தைப் பிடித்து, ஒரே நீளமாகத் தள்ளிவிட்டு, கையைக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கை எட்டுவதற்காகச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் மாற்றிப் பொருத்தினார்கள். முதல் தள்ளலிலேயே நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. “யா அல்லாஹ்” என்று கத்திவிட்டேன். பின்னால் கவிழாமலிருக்கச் சிறு தாங்குசக்கரம் மாட்டிய பிறகும் ஒரு வாரம் உள்ளங்கை வேர்த்தது.

உங்களுக்கும் சக்கர நாற்காலி என்றால், இன்றைக்கே டயரை அமுக்கிப் பாருங்கள். வாசலில் மணல் இருந்தால் பலகை போடுங்கள். காற்றில் கை வைக்காதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. கிழிந்தது முழுதாக ஒட்டாதாம். இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமாம். காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள் வலது கையை மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறேன். அது மேலே வரும்வரை எனக்கு நாள் விடிவதில்லை. முன்பெல்லாம் என் வயதை வருடத்தில் எண்ணுவேன். இப்போது, இந்தத் தோள் இன்னும் எத்தனை முறை என்னைத் தூக்கும் என்று எண்ணுகிறேன்.

இன்று காலை கழிவறைக்குத் தனியாகத்தான் போனேன். ரஹ்மத் வெளியே நிற்பது தெரிந்தது. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை.