பனிச்சங்கேணித் துறையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

இரண்டாவது உலக யுத்தம் நடந்த காலம். வாகரையில் என் சின்ன மச்சாளுக்குக் கலியாணம். வாழைச்சேனையிலிருந்து விடிய நாலு மணிக்கு மாட்டு வண்டியில் புறப்பட்டு, பனிச்சங்கேணித் துறைக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அந்த நாளில் அங்கே களப்பை, அந்தக் கடலோர ஏரியைக் கடக்கப் பாலம் ஏது? தோணிதான். ஆளுக்கு இரண்டு சதம் காசு.

துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு போடியார், பெரிய வயல்காரர். முந்தின வருசம் தோணி கொள்ளாமல் ஆளை அடைத்து, என் ஒரேயொரு பட்டுச் சேலையைக் களப்பில் நனைத்தவர். நான் அதை மறக்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. தோணியின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். பாரம் ஏறி அந்தக் கோடு தண்ணீரில் மறைந்தால் தோணியை விடக் கூடாது.

அன்றைக்குப் பார்த்தால் கோடு இரண்டு! மேல் கோட்டில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

"என்ன சீனித்தம்பி அண்ணன் இது?" என்று தோணிக்காரரைக் கேட்டேன்.

"ராவு கோடு குட்டி போட்டிரிக்கி, புள்ள."

நாங்கள் ஏறியதும் தண்ணீர் கீழ்க் கோட்டைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து, அதே கலியாணத்துக்குப் போகவென்று போடியார் பெண்சாதியோடும் நாலு நெல் மூட்டையோடும் வந்து ஏறினார். கீழ்க் கோடு மறைந்தே போனது.

"மேல கோடு இரிக்கிதானே, தள்ளடா."

"தண்ணிக்கு உங்கட சுண்ணாம்பு தெரியாது போடியார். சட்டம் என்னையும் பிடிக்கும், உங்களையும் பிடிக்கும்."

"அப்ப நாளைக்கு வேற ஆள் தள்ளுவான். பாத்துக்க."

சீனித்தம்பிக்கு அந்தத் தோணியை விட்டால் வேறு பிழைப்பில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஆனாலும் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

"அண்ணன் சொல்றதுதான் சரி. தள்ளினா நாங்க இறங்கிடுவம்!" என்று நான் கத்தினேன். தோணி முழுக்க "ஓம், ஓம்" என்றது.

போடியாரின் பெண்சாதி புருசனைத் திரும்பிப் பார்த்தார். "நான் தாலி கட்டுறதப் பாக்கணும். நீங்க மூட்டையோட இறங்குங்க."

போடியார் மூட்டைகளோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்; கீழ்க் கோடு திரும்பவும் தெரிந்தது. பொண்ணு மாப்பிள்ளைக்கு நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவையைப் பெண்களெல்லாம் அவருக்குப் போட்டோம். அக்கரை சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

கலியாணம் முடிந்து திரும்பும்போதும் சீனித்தம்பியேதான் தோணியில். கோட்டைத் தாண்டித் தள்ள வேறு எந்தத் தோணிக்காரனும் வர மாட்டேன் என்றுவிட்டானாம். மேல் கோட்டைச் சுரண்டியாயிற்று. கரையில் போடியாரே நின்று, "அங்கால நில்லுங்க, கோடு தாழுது!" என்று ஆளைத் தடுத்துக்கொண்டிருந்தார். மனம் திருந்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனம் திருந்தினவர் செய்கிற வேலையைச் செய்தார். சட்டம் இல்லாவிட்டால், சீனித்தம்பி அன்று சொன்ன நியாயம் வெறும் முரண்டாகத்தான் போயிருக்கும்.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் போங்கள், களப்பு அழகாக இருக்கும். எங்கேயாவது படகில் ஏறினால், பாரம் கூடிப்போச்சு என்று படகோட்டி சொல்லட்டும் எனக் காத்திருக்காதீர்கள். அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். உங்களுக்கு என்ன பயம்? நீங்கள் முதலில் சொல்லுங்கள்.